வட்டம் கொடுத்து வாங்கும் காசு

பிரயாணக் கட்டுரை எழுதுவோர் கோபுரங்களையும் அரும்பொருட்காட்சிச் சாலைகளையும் ஆற்றங்கரைகளையும் பற்றி விரிவாக எழுதுவர். அந்நிய மண்ணில் இறங்கிய முதலாவது மணித்தியாலத்தில் தாம் நின்ற கண்ணாடிக் கூண்டைப் பற்றி அவர்கள் எழுதுவதில்லை. கையிலுள்ள தாள்களை உள்ளே தள்ளி, வேறு நிறமும் வேறு தலைவரின் முகமுங் கொண்ட தாள்களை வெளியே வாங்குகின்ற அந்த இரண்டு நிமிடம் பிரயாணத்தின் பகுதியாகவே கருதப்படுவதில்லை. ஆயின், சிறிய நாடொன்றிலிருந்து, மதிப்புக் குறைந்த நாணயத்துடன் புறப்படுகின்ற எம்போன்றோர்க்குத் தம் நாடு உலகில் எவ்விடத்தில் நிற்கின்றது என்பதைக் கூசாது எடுத்துரைக்கும் இடம் அந்தக் கூண்டேயாகும். கருத்தரங்குகளின் பொருட்டும் உறவினரைக் காணும் பொருட்டும் சில நாடுகளுக்குச் சென்று வந்தவன் என்ற முறையில், மலிவாகக் காசு மாற்றுதல் என்னும் இச்சிறு கலையைப் பற்றியும், அம்மலிவுக்கு யார் விலை கொடுக்கின்றனர் என்பது பற்றியும் சில கூற விரும்புகின்றேன்.

இக்கலை எமக்குப் புதியதன்று. நாணயத்தின் தரமறிந்து கூறுவோனுக்குத் தமிழில் வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர் வரிசையில் வடம வண்ணக்கன் தாமோதரனார் முதலாகச் சிலர் அத்தொழிற்பெயரைத் தாங்கி நிற்கின்றனர். கிழக்கிலங்கைக் கோயில்கள் பலவற்றில் நிருவாகப் பொறுப்பை ஏற்போர் இன்றும் வண்ணக்கர் என்றே அழைக்கப்படுகின்றனர். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் காசாளருக்குச் சிறாப்பர் என்ற பெயர் வழங்கியது. காசு மாற்றுவோனைக் குறிக்கும் அரபுச் சொல்லொன்றின் வழிவந்தது அது. ஒரு நாணயத்தை மற்றொன்றாக மாற்றும்போது கழிக்கப்படும் தொகைக்கு வட்டம் என்பது பழைய பெயர். பொருளியல் நூல்கள் கொள்விலைக்கும் விற்பனை விலைக்கும் இடையேயுள்ள வேறுபாடு என்று நீட்டி உரைப்பதனை அவ்வொரு சொல் அடக்கிவிடுகின்றது. இக்கட்டுரையில் அதனையே ஆள்கின்றேன்.

உரோம அறிஞர் பிளினி தரும் செய்தியொன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. கி.பி. 1ஆம் நூற்றாண்டிலே, செங்கடற் பகுதியில் வரி தண்டும் உரிமை பெற்றிருந்த அன்னியுஸ் புளோக்காமுஸ் என்பவனால் விடுதலை செய்யப்பட்ட அடிமை ஒருவன், காற்றினால் அலைக்கப்பட்டு இலங்கைக் கரையை அடைந்தான். அவனிடமிருந்த உரோமக் காசுகளைப் பார்வையிட்ட அரசன், அவற்றிற் பொறிக்கப்பட்ட முகங்கள் வெவ்வேறு பேரரசர்களுடையனவாக இருந்தும் காசுகள் யாவும் ஒரே நிறையாக இருந்தமை கண்டு, அந்நாட்டவரின் நேர்மையை வியந்தான் என்று பிளினி எழுதுகின்றார். அந்நியன் ஒருவன் தன் காசினால் இங்கு மதிப்புப் பெற்ற கதை அது. எங்கள் காசுடன் நாங்கள் வெளியே செல்லும்போது நடப்பது வேறு கதை.

கூண்டின் மேலே ஒளிரும் பலகையில் ஒவ்வொரு நாணயத்துக்கும் எதிரே இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அவர்கள் எம்மிடம் வாங்கும் விலை. மற்றது எமக்கு விற்கும் விலை. வங்கிகள் பெருந்தொகையாகத் தமக்குள்ளே வாங்கி விற்கும் விலை இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும். அது பலகையில் எழுதப்படுவதில்லை. "தரகு இல்லை" என்ற அறிவிப்புப் பெரிய எழுத்திற் காணப்படும் கூண்டுகளிலே வட்டம் மிக அகன்றிருக்கக் கண்டிருக்கின்றேன். அவர்கள் பொய் சொல்வதாகவும் கூறமுடியாது. தரகு என்ற பெயரில் எதுவும் எடுக்கப்படுவதில்லை என்பது உண்மையே. சொல்லாது விட்டதே பொருளாக நிற்கும் இத்தகைய தொடருக்குக் குறிப்பெச்சம் என்று எம் இலக்கணகாரர் எப்போதோ பெயர் வைத்துவிட்டனர்.

எண்களைக் கொண்டு பார்த்தால் இது தெளிவாகும். கணக்குக்கு இலகுவாக, டொலரின் நடுவிலை இங்கு 300 ரூபா, இந்தியாவில் 85 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மூன்று இலட்சம் ரூபாவுடன் சென்னைக்குப் புறப்படுபவர் நடுவிலையில் மாற்ற முடிந்தால் 1,000 டொலரும், அதற்கு ஈடாக 85,000 இந்திய ரூபாவும் பெறுவார். கொழும்பிலே டொலரை 305 ரூபாவுக்கு வாங்கினால் அவர் கைக்கு வருவது 983 டொலர் சொச்சம். அதனைச் சென்னை நகருக்குள் 84 ரூபா வீதம் மாற்றினால் 82,600 அளவில் வரும். விமான நிலையத்தில் இறங்கிய களைப்போடு 78 ரூபா வீதம் மாற்றினால் 76,700 அளவிலே முடியும். 85,000 எங்கே, 76,700 எங்கே? ஏறத்தாழப் பத்திலொரு பங்கு, எந்தச் சந்தியிலும் கள்வன் எதிர்ப்படாமலே மறைந்துவிட்டது.

விமான நிலையக் கூண்டுகாரர் பொல்லாதவர் என்பதற்கில்லை. அவர் கொடுக்கும் வாடகை பெரிது. அவர் முன்னால் நிற்பவனுக்கோ வேறு போக்கிடமில்லை. பேருந்துக்கும் ஒரு கோப்பைத் தேநீருக்கும் வேண்டிய அளவை மட்டும் அவரிடம் மாற்றிக்கொண்டு, மிகுதியை நகருக்குள், ஒரே தெருவில் நாலைந்து கடைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் மாற்றுவதே நன்று. அத்தெருவில் வட்டத்தைச் சுருக்குவது கடைக்காரரின் இரக்கமன்று, அடுத்த கடையின் பலகை. பலகையிலுள்ள விலை முடிந்த விலையென எண்ணி வாய்திறவாது நிற்பவர் பலர். தொகை பெரிதாயின் கேட்டுப்பார்க்கலாம். சில சதமேனும் கூட்டித் தருவர். பெரிய தாளுக்குக் கூடிய விலையும் சிறிய தாளுக்குக் குறைந்த விலையும் கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அமெரிக்கா 1861 தொடக்கம் வெளியிட்டுவந்த அரசாங்கத் தாள்கள் யாவும் அந்நாட்டுச் சட்டப்படி இன்றும் செல்லுபடியானவை. அச்சட்டத்தை மடிப்பு விழுந்த தாளொன்றை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கும் கடைக்காரரிடம் எடுத்துரைத்துப் பயனில்லை. வங்கியிலிருந்து டொலர் வாங்கும்போதே புதிய தாள்களாகக் கேட்டு வாங்கிக்கொள்வது உத்தமம்.

இக்காலத்தில் வங்கி அட்டையும் பணப்பொறியும் இவ்வேலையின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டுவிட்டன. 1874இல் தோமஸ் குக் நிறுவனமும் 1891இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனமும் தொடக்கிவைத்த பிரயாணக் காசோலை முறை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்து, எம் கண்முன்னே வழக்கிழந்தது. அட்டை நிறுவனங்கள் நாணயத்தை மாற்றும் வீதம் நடுவிலைக்கு மிக அண்மையதாகவே இருக்கும். அதன்மேல் எங்கள் வங்கி எவ்வளவு சேர்க்கின்றது, அந்நாட்டு வங்கியின் பொறி ஒருமுறைக்கு எவ்வளவு அறவிடுகின்றது என்பவற்றைப் புறப்படுமுன்னரே கேட்டறிதல் வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு என்று கட்டணம் வகுக்கப்பட்டிருப்பின், ஐந்து முறை சிறிது சிறிதாக எடுப்பவர் ஒருமுறை எடுப்பவரைப் போல ஐந்து மடங்கு இழக்கின்றார்.

பொறி கேட்கும் ஒரு கேள்வி குறித்து மட்டும் சற்று விரித்துரைக்க வேண்டும். அட்டையைச் செலுத்தியதும், "இத்தொகையை உங்கள் நாட்டு நாணயத்தில் அறவிடலாமா?" என்று திரையில் ஒரு வினா தோன்றும். உணவகங்களிலும் விடுதிகளிலும் கையிற் கொடுக்கப்படும் சிறு பொறிகளிலும் அவ்வாறே. எவ்வளவு அன்பான வினா! எம் நாட்டு ரூபாவின் பெயரை அந்நிய நாட்டுத் திரையிற் கண்டதும் மனம் நெகிழ்ந்து 'ஆம்' என்று அழுத்திவிடத் தோன்றும். அழுத்தினால், அட்டை நிறுவனத்தின் வீதத்துக்குப் பதிலாகக் கடைக்காரரின் வங்கியும் இடையிலுள்ள நிறுவனமும் தாமே வகுத்த வீதத்தில் மாற்றம் நிகழும். அவ்வீதத்தில் வட்டம் பெரும்பாலும் அகலமானது. வேண்டாமென்று கூறி, அந்நாட்டு நாணயத்திலேயே அறவிடச் செய்வதே இலாபம். இவ்வழக்கத்தினால் மக்கள் ஏமாறுவதைக் கண்டே ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஒழுங்குவிதியொன்றை இயற்றி, ஐரோப்பிய மத்திய வங்கியின் வீதத்துக்கு மேலே எத்தனை சதவீதம் சேர்க்கப்படுகின்றது என்பதை 2020 ஏப்பிரல் முதல் அவ்விடத்திலேயே காட்டவேண்டுமென விதித்தது.

இவையெல்லாம் எவரும் ஒரு மாலைப்பொழுதிற் கற்றுக்கொள்ளக்கூடிய நுட்பங்கள். கற்றுக்கொண்ட பின்னரும் எஞ்சி நிற்கும் ஓர் இழப்பு உண்டு. பிரெஞ்சுக்காரர் ஒருவர் சென்னைக்குச் சென்றால் தன் யூரோவைக் கொடுத்து இந்திய ரூபாவை வாங்குகின்றார். ஒரு வட்டத்தோடு காரியம் முடிகின்றது. பாக்கு நீரிணைக்கு இப்பாலிருந்து செல்லும் நானோ முதலில் ரூபாவை டொலராக்கி, பின் டொலரை ரூபாவாக்க வேண்டும். கண்ணுக்கெட்டும் தூரத்திலுள்ள இரு கரைகளுக்கிடையே காசு அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு செல்கின்றது. வட்டம் இருமுறை கழிகின்றது. சென்னையில் கடையொன்றில் எங்கள் ஆயிரம் ரூபாத் தாளை நீட்டியபோது, அங்கிருந்த இளைஞர் மிக்க மரியாதையுடன், "இலங்கை ரூபாயை இங்க யாரும் வாங்க மாட்டாங்க சார். டாலர் இருந்தா குடுங்க" என்றார். வாங்குவோர் சிலர் பின்னர் அகப்பட்டனர். அவர்கள் சொன்ன விலையைக் கேட்ட பின், வாங்காதவரே நல்லவர் என்று தோன்றியது. இலண்டனிலும் பாரிசிலும் கூண்டுப் பலகைகளில் எங்கள் கொடியைத் தேடிப் பார்த்திருக்கின்றேன். தேடுவது ஒரு பழக்கமாகிவிட்டதேயன்றிக் காண்பேன் என்ற எண்ணத்தாலன்று.

எப்போதும் இவ்வாறு இருந்ததில்லை என்பதை இன்றைய மாணவர் அறிந்திருத்தல் நன்று. 1949 தொடக்கம் 1966 வரை இந்திய ரூபாவும் இலங்கை ரூபாவும் சம மதிப்புடையனவாக இருந்தன. டொலரொன்று இரு நாடுகளிலும் 4 ரூபா 76 சதம். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலேறிய யாத்திரிகர் மனக்கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1966 ஜூனில் இந்தியா தன் நாணயத்தை மதிப்பிறக்கம் செய்து டொலருக்கு 7 ரூபா 50 சதம் என்றாக்கியது. அப்போது எங்கள் ரூபா ஒன்றுக்கு இந்திய ரூபா ஒன்றரைக்கு மேற் பெறுமதி உண்டாயிற்று. 1967 நவம்பரில் இங்கும் நூற்றுக்கு இருபது வீதம் மதிப்பிறக்கப்பட்ட பின்னரும் எங்களுடையதே உயர்ந்து நின்றது. இன்று இந்திய ரூபா ஒன்றுக்கு நாம் மூன்று ரூபாவுக்கு மேற் கொடுக்கின்றோம். இடையில் நிகழ்ந்தவற்றை விளக்கப் பொருளியற்றுறை நண்பர்கள் இருக்கின்றனர். எனது அக்கறை, அவ்வாறு நிகழ்ந்துகொண்டிருக்கையில் அரசு காசின் விலையைப் பற்றி மக்களுக்குச் சொன்ன பொய்யைப் பற்றியதாகும்.

நாணயத்துக்கு அரசு ஒரு விலையும் சந்தை வேறொரு விலையும் கூறும்போதெல்லாம் பிரயாணி ஓர் ஒழுக்கச் சிக்கலில் அகப்படுகின்றான். மொஸ்கோவிற் படித்துத் திரும்பிய மூத்த விரிவுரையாளர்களிடம் இதுபற்றிக் கேட்டிருக்கின்றேன். 1970களில் அரசாங்க வீதப்படி டொலருக்கு ஒரு முழு ரூபிளும் கிடைக்காது; தெருவில் அதைப்போற் பன்மடங்கு கிடைக்கும். டொலர் வைத்திருப்போருக்கென்றே திறந்திருந்த பெரியோஸ்கா என்னும் கடைகளில், ரூபிளை மட்டும் வைத்திருந்த சோவியத் குடிமகன் நுழைந்து பொருள் வாங்க முடியாதிருந்தது. கிழக்கு ஜேர்மனியிலோ 1980 ஒக்ரோபர் தொடக்கம் மேற்கிலிருந்து வருவோர் நாளொன்றுக்கு 25 மார்க்கை ஒன்றுக்கொன்று என்ற வீதத்தில் மாற்றியே தீரவேண்டும். மிஞ்சியதை வெளியே கொண்டுசெல்லவும் முடியாது. பர்மாவின் அரச வீதம் 2012 மார்ச் இறுதி வரை டொலருக்கு ஆறு கியாற் சொச்சமாக இருந்து, ஏப்பிரல் தொடக்கத்தில் ஒரே நாளில் 818 ஆயிற்று. அன்று மதிப்பு வீழ்ந்ததாகக் கூறுவது பிழை. பல ஆண்டுகளாக உண்மையாயிருந்ததைச் சொல்ல அன்றுதான் துணிந்தனர்.

நாமும் இதற்கு விலக்கல்லர். 1968இல் வெளிநாட்டுச் செலாவணி உரித்துச் சான்றிதழ் என்ற ஒன்றை அரசு கொணர்ந்தது. அரிசி, மா, மருந்து முதலிய அத்தியாவசியப் பொருட்களுக்கு ஒரு வீதம். வெளிநாட்டுப் பிரயாணம் உட்பட ஏனையவற்றுக்கு அதன்மேல் நூற்றுக்கு 44 வீதம் கூடுதல். அக்கூடுதல் பின்னர் 65 வரை உயர்ந்தது. இவ்விரட்டை விலை 1977 நவம்பரில் நீக்கப்பட்டபோது டொலர் 16 ரூபா அளவில் நின்றது. அக்காலத்தில் மூன்றரைப் பவுணை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இலண்டனில் இறங்கியதாகச் சொல்லும் முதியோரை எம்மவரிடையே இன்றும் சந்திக்கலாம். சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமிதம் தெரியும். அம்மூன்றரைப் பவுணோடு வாழ்ந்தது எப்படி என்று மேலும் வினவினால், அங்கு முன்னரே சென்றிருந்த உறவினர் ஒருவர் கொடுத்தார், அதற்கீடாக ஊரில் ஐயா அவருடைய வீட்டில் ரூபாவாகக் கொடுத்தார் என்று கதை தொடரும். அக்கதையின் பெயர்தான் உண்டியல்.

உண்டியலுக்கு வருமுன் மாமி ஒருவரின் கதையைச் சொல்லிவிடுகின்றேன். அவர் யாழ்ப்பாணத்தவர், சிதம்பரத்துக்கு இரண்டாண்டுக்கொருமுறை செல்பவர். மீந்த இந்திய ரூபாவைத் திரும்ப மாற்றினால் வட்டம் மறுபடியும் போகும் என்பதை எந்தப் பொருளியலாளரும் சொல்லாமலே அறிந்திருந்தார். எனவே எட்டு ஐந்நூறு ரூபாத் தாள்களை அடுத்த பிரயாணத்துக்கென்று தேவாரப் புத்தகத்துள் வைத்திருந்தார். அவருடைய கணக்கில் ஒரு பிழையுமில்லை. 2016 நவம்பர் 8ஆந் திகதி இரவு இந்தியப் பிரதமர் தொலைக்காட்சியிற் தோன்றி, ஐந்நூறு ரூபா, ஆயிரம் ரூபாத் தாள்கள் நள்ளிரவோடு செல்லாதனவாகும் என்றார். வெளிநாட்டிலிருந்த இந்தியக் குடிமக்களுக்குப் பின்னரும் சில மாதத் தவணை கொடுக்கப்பட்டது. அயல்நாட்டாராகிய மாமிக்கு அவ்வழியில்லை. ஜேர்மன் மார்க் 2002இல் வழக்கொழிந்தது எனினும் அந்நாட்டு மத்திய வங்கி காலவரையறையின்றி அதற்கு யூரோ கொடுத்துவருகின்றது. பிரான்சோ தன் பிராங்குத் தாள்களுக்கு 2012 பெப்ரவரியோடு கதவை மூடிவிட்டது. காசைத் தேக்கிவைப்பவன் அந்நாட்டரசின் சொல்லையே தேக்கிவைக்கின்றான். அரசுக்கு அரசு சொல்லின் ஆயுள் வேறுபடுகின்றது.

இனி உண்டியல். கோயில் உண்டியலும் பிள்ளைகள் காசு சேர்க்கும் உண்டியலும் இச்சொல்லால் வழங்குவதை எல்லோரும் அறிவர். ஓரிடத்திற் கொடுத்த பணத்தை வேறோரிடத்திற் பெறுதற்கு எழுதிக்கொடுக்கும் சீட்டுக்கும் அதுவே பெயர். கொழும்புச் செட்டியார் தெருவிலும் இரங்கூனிலும் பினாங்கிலும் கிட்டங்கி வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமார் இம்முறையிலே கடல் கடந்த வணிகத்தை நடத்தினர். இதன் நுட்பம் எளியது: பணம் கடலைக் கடப்பதில்லை. அங்குள்ள பணம் அங்கேயே கைமாறுகின்றது, இங்குள்ளது இங்கேயே கைமாறுகின்றது. கடப்பது ஒரு சொல் மட்டுமே. ஆதலால் வட்டமும் மிகச் சிறியது.

2011இல் இலண்டனில் எஸ்தோனியர் இருவர் ஒரு நிறுவனத்தைத் தொடக்கினர். தாவெற் ஹின்றிக்குஸ் என்பவர் இலண்டனில் வாழ்ந்துகொண்டு யூரோவிற் சம்பளம் பெற்றார். கிறிஸ்ரோ கேர்மன் என்பவர் பவுணிற் சம்பளம் பெற்று எஸ்தோனியாவில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் மற்றவரின் இலண்டன் கணக்கில் பவுணையும் மற்றவர் இவருடைய கணக்கில் யூரோவையும் நடுவிலைப்படி இட்டுக்கொண்டால் வங்கிக்கு வட்டம் கொடுக்க வேண்டியதில்லை எனக் கண்டனர். அதுவே ட்ரான்ஸ்ஃபர்வைஸ் என்ற பெயரில் உலகப் புகழ்பெற்று, இன்று வைஸ் எனப்படுகின்றது. அதன் வரலாற்றைப் படித்தபோது, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எவரும் இதற்கு வியந்திருக்கமாட்டார்கள் என்றே எண்ணினேன். அவர்கள் அனுமதிப்பத்திரம் பெற்றுக் கணக்குக் காட்டி நடத்துகின்றனர். ஊர் உண்டியற்காரர் அவ்வாறு நடத்துவதில்லை. வேறுபாடு அதுவே, அது சிறிய வேறுபாடுமன்று.

2019இல் ரொறன்ரோவில் ஒரு கருத்தரங்குக்குச் சென்றிருந்தேன். மேலே சொன்ன மாமியின் மகன் அங்கிருக்கின்றான். "மச்சான், நீ ஏன் கடையிலை மாத்திறாய்? என்னட்டை ஐந்நூறு டொலர் வாங்கு. ஊரிலை அம்மாவுக்குக் குடுத்துவிடு" என்றான். அன்றைய நடுவிலையைப் பார்த்து இருவரும் ஒப்புக்கொண்டோம். தம்பி அன்று மாலையே மாமியிடம் ரூபாவைக் கொடுத்தான். எனது பிரயாணங்களில் ஒரு சதமும் வட்டம் கொடாது காசு மாற்றியது அந்த ஒருமுறைதான். மாமிக்கும் வங்கியிற் காத்துநிற்கும் அலைச்சல் மிச்சம். உறவினர் இருவர் தமக்குட் கொடுத்து வாங்கிய இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று அப்போது எவரேனும் கேட்டிருந்தால், இல்லை என்றே சொல்லியிருப்பேன். அவ்வாண்டில் அது ஏறத்தாழ உண்மையுமாகும்.

2021இன் பிற்பகுதியில் அது உண்மையாக இருக்கவில்லை. டொலரின் விலை 203 ரூபாவுக்கு மேற் செல்லாதபடி அரசு நிறுத்தி வைத்திருந்தது. வெளியே 240 ரூபாவும் அதற்கு மேலும் பேசப்பட்டது. வங்கிவழி அனுப்புவோருக்கு டொலருக்குப் பத்து ரூபா ஊக்கத்தொகையெனவும் அறிவித்தனர். நாற்பது ரூபா வேறுபாட்டுக்குப் பத்து ரூபா மருந்து! அந்த டிசம்பரில் மச்சான் தொலைபேசியிற் சொன்னான்: "வங்கியாலை அனுப்பினால் அம்மாவின்ரை மருந்திலை அஞ்சிலொரு பங்கு குறையுது. நாட்டுப்பற்று எண்டு சொல்லி அம்மாவை மருந்தில்லாமல் வைச்சிருக்கச் சொல்லுறியோ?" அவன் உண்டியலில் அனுப்பினான். அவனைப் போன்று இலட்சக்கணக்கானோர் அனுப்பினர். வெளிநாட்டிலுள்ளோர் வங்கிவழி அனுப்பிய தொகை 2020இல் 710 கோடி டொலராக இருந்தது. 2021இல் 549 கோடியாகவும் 2022இல் 379 கோடியாகவும் வீழ்ந்தது.

அந்த டொலர்கள் வராததால் நிகழ்ந்ததை இவ்விதழின் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. எரிவாயுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. மேல் மாகாணத்திற் பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் தாளின்மையாற் பிற்போடப்பட்டன. போதனா வைத்தியசாலை ஒன்றில் அவசரமல்லாத சத்திரசிகிச்சைகள் மருந்தின்மையால் நிறுத்திவைக்கப்பட்டன. 2022 ஏப்பிரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக நாடு அறிவித்தது. உண்டியலில் வந்த ரூபாவைக் கையில் வைத்துக்கொண்டு மாமி மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தார். காசு போதுமானதாக இருந்தது. மருந்து இருக்கவில்லை.

உண்டியலில் அனுப்பியோரே நாட்டை வீழ்த்தினர் என்று அந்நாட்களில் மேடைகளிற் கூறப்பட்டது. அதனை நான் ஏற்கவில்லை. அனுமதியின்றி அதனைத் தொழிலாக நடத்துதல் சட்டத்துக்கு மாறானது என்பதையோ, அவ்வழியிற் செல்லும் பணம் எங்கெங்கு சென்றடைகின்றதென எவருக்கும் தெரியாது என்பதையோ மறுக்கவில்லை. ஆயின் நூற்றுக்கு இருபது வீதம் வட்டம் கழித்துக்கொண்டு, அதற்கு வட்டமென்று பெயரும் சொல்லாத அந்தக் கூண்டில் இருந்தது அரசே. 203 ரூபா என்று பலகையில் எழுதி வைத்து அவ்விலைக்கு டொலர் கேட்டோருக்கு இல்லையென்று கைவிரித்த எந்தக் காசுக்கடையும் ஒரு கிழமைக்குமேல் தெருவில் நிலைத்திருக்காது. மச்சானையும் நான் குற்றங் கூறவில்லை. அவன் சேமித்த நாற்பது ரூபாவும் மாமி மருந்து தேடி நடந்த தூரமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பதை அவனிடம் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்ப நான் என்ன செய்திருக்கவேணும், சொல்லு" என்றான். என்னிடம் விடையிருக்கவில்லை. இன்றும் இல்லை.

2022 மார்ச்சில் வீதத்தைப் பிடித்திருந்த பிடி விடப்பட்டது. மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபா அளவில் ஏறி, பின்னர் அங்கு தரித்து, 2023இல் இறங்கத் தொடங்கிற்று. வங்கியின் விலையும் வெளிவிலையும் ஒன்றையொன்று நெருங்கின. அவ்வாண்டில் வங்கிவழி வந்த தொகை 597 கோடி டொலராயிற்று. சென்ற முறை மச்சானுடன் பேசியபோது, இப்போது எவ்வழியாக அனுப்புகின்றாய் என்று கேட்டேன். "வங்கியாலைதான். இப்ப ரண்டுக்கும் வித்தியாசம் ஒண்டுமில்லை, பிறகேன் உண்டியற்காரனுக்குப் பின்னாலை திரியிறது?" என்றான்.